ஈகிள்ஸ் அணியின் இளம் லைன்மேன்கள்: உடம்பு தேறிவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

பச்சைச்சிறகு எழுதியது:

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகர்களான நமக்கு ஜூலை வந்தால் இதே பேச்சுதான். முகாம் திறந்ததும் வீரர் பட்டியல் வெளியாகும். இரண்டாம் வருடத்து ஆஃபென்சிவ் லைன் பையன் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐவரில் ஒருவன்) ஒருவனின் பெயருக்கு நேரே போன வருடத்தைவிட 10 பவுண்டு கூடியிருக்கும். உடனே நம் ஆட்கள், "உடம்பு வந்துவிட்டது, இந்த வருடம் தயார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எடை குறைந்திருந்தால் அதையும் பாராட்டுவார்கள், "மெலிந்து வேகமாகிவிட்டான்" என்று. இரண்டுமே நல்லது என்றால் அந்த எண்ணை எதற்குப் பார்க்கிறோம்?

நான் பிலடெல்பியா ஆட்டங்களைப் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். லைனைத்தான் அதிகம் பார்ப்பேன், பந்து எங்கே போனது என்று பல நேரம் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்டுக்கொள்வேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். புதிதாக வந்த லைன்மேனின் உடம்பை அவனுடைய முதல் முழுக் கோடை முடியும்வரை எடை போடக்கூடாது. எடை போடும்போதும் எடைத்தட்டை விட்டுவிட்டு ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காவது குவார்ட்டரில் அவன் கால்களைப் பார்க்க வேண்டும்.

முதல் வருடத்தை ஏன் கணக்கில் எடுக்கக்கூடாது என்கிறேன் என்றால், அந்தப் பையனின் நாள்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்டு கடைசியிலிருந்து டிசம்பர், ஜனவரிவரை கல்லூரி ஆட்டம். அது முடிந்த கையோடு கம்பைன் (அணிகள் முன்னால் நடக்கும் உடல்திறன் சோதனை) தயாரிப்பு. இண்டியானாபொலிஸில் 40 கெஜம் ஓடவும் 225 பவுண்டு பாரை எத்தனை முறை தூக்குகிறான் என்று காட்டவும் இரண்டு மாதப் பயிற்சி. இதில் எதுவும் லைனில் நிற்பதற்கான உடம்பைக் கட்டும் வேலை இல்லை, பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது மாதிரிதான். மார்ச்சில் கல்லூரியிலேயே இன்னொரு சோதனை, ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் (அணிகள் வரிசைப்படி கல்லூரி வீரர்களை எடுப்பது), மே மாதம் புது ஊர், புது ஆட்டப் புத்தகம், ஜூலையில் முகாம். அப்புறம் 17 ஆட்டம். ஆக, சுமார் ஒன்றரை வருடம் அந்த உடம்புக்கு ஓய்வும் இல்லை, முறையாகக் கட்டியெழுப்ப நேரமும் இல்லை. நவம்பரில் அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றால் அதில் என்ன ஆச்சரியம்?

உங்கள் கணக்கு என்ன? எதைப் பார்த்து "தேறிவிட்டான்" என்று சொல்வீர்கள்?

---

சிட்னிவாசி எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாட்டாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. நான் இருப்பது அவர் பிறந்த பாங்க்ஸ்டவுன் பக்கம்தான், அதனால் கொஞ்சம் பாசமும் உண்டு.

சவுத் சிட்னியின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ரக்பி லீக் ஆடிய பையன். 6 அடி 8 அங்குலம், சுமார் 346 பவுண்டு. ரக்பியில் அந்த உடம்பு பாரம். 80 நிமிடம் முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஆட்டத்தில் 150 கிலோவைத் தாண்டிய ஆளுக்கு இடமே கிடைக்காது. அமெரிக்க ஆட்டத்தில் ஒரு பிளே, அதாவது பந்தைத் தொடங்கி நிற்கும்வரை, ஐந்தாறு விநாடி, அப்புறம் அரை நிமிடத்துக்குக் குறையாமல் மூச்சு வாங்கலாம். இங்கே குறையாக இருந்தது அங்கே முதலானது.

ஆனால் எல்லோரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. 2018இல் ஏழாம் சுற்றில், 233ஆவது ஆளாக எடுத்தார்கள். 2018, 2019 இரண்டு வருடமும் என்எஃப்எல் ஆட்டத்தில் ஒரு ஸ்னாப்கூட (ஒரு பிளேகூட) ஆடவில்லை, முதுகுக் காயத்தால் இரண்டு முறையும் காயப் பட்டியலுக்குப் போனார். அவ்வளவு பெரிய, பலமான உடம்புதான், ஆனால் புது வேலைக்குப் பழகாத உடம்பு. ரக்பியில் ஓடிவந்து மோதுவார்கள். இங்கே பின்னால் சறுக்கிக்கொண்டே, இடுப்பைத் தாழ்த்தி, எதிரே வருபவனை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுமை போய் இறங்குவது கீழ் முதுகில். 2020இல்தான் முதல் ஆட்டம், 2021இல் லைனின் இடது ஓரமான லெஃப்ட் டாக்கிள் இடமே அவருடையது. அப்போது போட்ட ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர்.

முதல் இரண்டு வருடக் கணக்கை வைத்து அனுப்பியிருந்தால்?

---

நீலச்சட்டை எழுதியது:

எதிரணிக்காரன் ஒருவன் பேசலாமா? நான் நியூயார்க் ஜயண்ட்ஸ் ரசிகன். பொறுமை நல்லதுதான், ஆனால் எல்லாக் காத்திருப்புக்கும் பலன் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு கதை இருக்கிறது.

ஆண்ட்ரூ தாமஸ், 2020இல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் வருடம் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினோம். அந்த வருடம் முழுக்கக் கணுக்கால் தொல்லையோடு ஆடியிருக்கிறார், சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை. கணுக்கால் சரியானதும் பின்காலை ஊன்றும் விதமே மாறிவிட்டது. 2022இல் ஆல்-ப்ரோ (அந்த வருடத்துச் சிறந்த வீரர்கள் பட்டியல்) இரண்டாம் அணியில் பெயர். பச்சைச்சிறகு சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது எவன் நீல், 2022இல் ஏழாவது ஆள். கல்லூரியில் இருந்தபோது அவர் உயரமான பெட்டிகள் மீது தாவிக் காலை அகட்டி நிற்கும் காணொளியை நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன். 337 பவுண்டு, தொப்பையே தெரியாது. அந்த உடம்பைச் சிலை வடிப்பவருக்குக் காட்டலாம். களத்தில் என்ன ஆனது? வெளிப்பக்கம் வளைந்து வருபவனைப் பிடிக்க முன்னால் சாய்வார், எடை முழுவதும் கால்விரலுக்கு வரும், உள்பக்கம் ஒரு திருப்பு, ஆள் தாண்டிப் போய்விடுவான். ஒரு கோடை, இரண்டு கோடை, மூன்று கோடை. காயங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் டாக்கிளுக்கு உள்பக்கமுள்ள கார்டு இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

அணியில் 53 பேருக்குத்தான் இடம். மைலாட்டாவுக்குக் காத்திருந்தது சரி, ஆனால் காத்திருந்து வீணான எத்தனை பெயர்களை நாம் மறந்துவிட்டோம்? யாருக்குக் காத்திருக்கலாம், யாருக்கு வேண்டாம் என்பதற்கு அடையாளம் சொல்லுங்கள்.

---

மூட்டும்_தசையும் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், டெலவேரில் இருக்கிறேன். தொழில்முறை அணி எதிலும் வேலை பார்த்ததில்லை. கல்லூரி, பள்ளி ஆட்டக்காரர்கள் வருவார்கள், அதில் லைன் பையன்கள் நிறைய. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில், வளரும் விஷயம் எது, வளராத விஷயம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கை நீளம் வளராது. அதனால்தான் டிராஃப்ட் சமயத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு அவ்வளவு சண்டை. 2025இல் வில் கேம்ப்பெலின் கை கம்பைனில் 32 அங்குலமும் ஐந்தெட்டும் என்று அளந்ததிலிருந்து அவர் டாக்கிளா கார்டா என்று இரண்டு மாதம் வாதாடினார்கள். நியூ இங்கிலாந்து அவரை நான்காவதாக எடுத்து டாக்கிளாகத்தான் நிறுத்தியது.

வளர்வது தொடை, பிட்டம், நடு உடல், கழுத்து, கைப்பிடி. ஆனால் மெதுவாக. ஏற்கெனவே ஐந்தாறு வருடம் இரும்பு தூக்கிய 22 வயதுப் பையனுக்கு வருடத்தில் மூன்று நான்கு கிலோ சுத்தமான சதை ஏறினாலே பெரிய விஷயம். ஆகவே மூன்று மாதத்தில் 20 பவுண்டு ஏறியிருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதி கொழுப்பும் நீரும்தான். லைன் ஆளுக்குக் கொழுப்பு கெடுதல் என்று சொல்ல மாட்டேன், எதிரே 300 பவுண்டு வந்து மோதும்போது மொத்த எடையும் வேலை செய்யும். ஆனால் அந்த எடை எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. வயிற்றில் உட்கார்ந்தால் இடுப்பு முன்னால் சரியும், முதுகு வளையும், குனிந்து நிற்கும்போது மூச்சு முட்டும். தொடையிலும் பிட்டத்திலும் உட்கார்ந்தால் அதே பத்துப் பவுண்டு நங்கூரம். அணிகள் இதை டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கின்றன, நமக்கு அந்த எண் கிடைக்காது.

இன்னொன்று, தசை வளரும் வேகத்துக்குத் தசைநாண் வளராது. தசை முந்திக்கொண்டு போகும், நாண் பின்னால் வரும். எடையைச் சட்டென்று ஏற்றிய பையன்களுக்கு அடுத்த ஆறு மாதத்தில் முழங்கால், முதுகு வலி வருவதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

நீலச்சட்டை கேட்ட அடையாளத்துக்கு வருகிறேன். நான் முதலில் பார்ப்பது கணுக்கால். வருகிறவனைக் காலணியைக் கழற்றிக் குந்தி உட்காரச் சொல்வேன். நம் பாட்டி அம்மிக்கு முன்னால் உட்கார்வாரே, குதிகால் இரண்டும் தரையில் பதிந்து, அந்த மாதிரி. பாதிப் பேரால் முடியாது. குதிகால் எழும்பும், இல்லையென்றால் பின்னால் சாய்வார்கள். கணுக்கால் மடங்காதவன் லைனில் தாழ்ந்து நிற்க முழங்காலுக்குப் பதிலாக இடுப்பை மடக்குவான். இடுப்பை மடக்கினால் தலை முன்னால் போகும், எடை கால்விரலுக்கு வரும். நீல் பற்றி நீங்கள் எழுதிய அதே சாய்வு. அவருக்குக் காரணம் இதுதானா என்று நான் சொல்ல முடியாது, நான் அவரைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சாய்வு உள்ள பையனுக்கு எடை கூட்டுவது, சாயும் சுவரில் இன்னொரு மாடி கட்டுகிற மாதிரி.

---

பச்சைச்சிறகு எழுதியது:

டாக்டரம்மா, இதைத்தான் நான் வார்த்தை கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

ஒரு காட்சி சொல்கிறேன். ஆகஸ்டில் லிங்கன் ஃபைனான்ஷியல் மைதானத்தில் ரசிகர்களுக்குத் திறந்துவிடும் பயிற்சி நடக்கும். சில வருடம் முன்னால் போயிருந்தேன். அப்போது அணியில் ஒட்டிக்கொள்ளப் போராடிய ஒரு பையன், பெயர் வேண்டாம். ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் முதல் நான்கு முறை அருமையாக நின்றான். பின்கால் தரையில் ஊன்றும்போது பாதம் முழுவதும் பதிந்தது, எதிராளி நேரே மோதித் தள்ளும் 'புல் ரஷ்' வந்ததும் அரை அடி போனான், நின்றான். ஏழாவது, எட்டாவது முறை வரும்போது சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை அதே இடத்துக்குத்தான் போனது. ஆனால் பின்பாதத்தின் குதிகால் லேசாக எழும்பத் தொடங்கியது, இரண்டு விரல் உயரம் இருக்கும். அவ்வளவுதான். எதிரே வந்தவன் அவனை அப்படியே குவார்ட்டர்பேக் நிற்கும் இடம்வரை தள்ளிக்கொண்டு போனான். பையனின் கீழ்த்தொடை நடுங்கியது நான் இருந்த இடத்துக்கே தெரிந்தது. அவன் எடை என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் பயனில்லை.

அதனால்தான் நான்காவது குவார்ட்டர் என்றேன். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் நல்ல லைன்மேன்தான்.

நீலச்சட்டை, ஆண்ட்ரே டிலார்ட் எங்கள் கதை. 2019இல் மேலே ஏறி விலை கொடுத்து 22ஆவதாக எடுத்தோம். அவருடைய கல்லூரியில் ஓயாமல் பாஸ்தான், பின்னால் சறுக்கும் கால் வேகம் பார்க்க அழகாக இருக்கும். பலமாக நேரே வந்து மோதினால்தான் தடுமாறுவார். 2020 முகாமில் கைத்தசை கிழிந்து அந்த வருடம் போயிற்று. 2021இல் மைலாட்டாவோடு போட்டி, மைலாட்டா ஜெயித்தார். முதல் சுற்றுக்காரரை ஏழாம் சுற்றுக்காரர் தாண்டிப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். எனவே காத்திருந்து வீணாவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை.

---

பழைய_கோச் எழுதியது:

நியூ ஜெர்சியில் பள்ளி அணி ஒன்றில் ஒன்பது வருடம் உதவிப் பயிற்சியாளராக லைனைப் பார்த்துக்கொண்டேன். ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது.

2011இல் என்எஃப்எல் வீரர்களோடு போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு முறை கவசத்தோடு மோதும் பயிற்சி போயே போய்விட்டது. சீசன் நடக்கும்போது கவசப் பயிற்சி மொத்தமே 14தான். வீரர்களின் உடம்புக்கு இது நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் பையன் பூங்காவில் நண்பனோடு பழகிக்கொள்ளலாம். லைன் ஆள் யாரோடு பழகுவான்? 300 பவுண்டு ஆள் எதிரே வந்து மோதாமல் ஆங்கர் போட, அதாவது ஊன்றி நிற்கக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. இதற்கு மேல், கல்லூரிகளில் பாதி அணிகள் ஆட்களைப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் ஆட்டம். பையன் நான்கு வருடம் நின்றுகொண்டே தொடங்கியிருப்பான், கையைத் தரையில் ஊன்றியே பழக்கமில்லை. அவனுக்கு உடம்பு வரவில்லை என்று நாம் சொல்லும்போது, பல நேரம் உடம்பு இருக்கிறது, அதை எப்படி எடுத்துவிடுவது என்று தெரியவில்லை என்பதே உண்மை.

இதில்தான் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் போன்றவரின் மதிப்பு. 2013இல் பிலடெல்பியாவுக்கு லைன் பயிற்சியாளராக வந்தவர். மைலாட்டா தொலைக்காட்சியில் தன் கல்லூரிப் பெயர் சொல்லும்போது "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்" என்பாரே, அது வேடிக்கைக்காகச் சொன்னது இல்லை. மெக்கை பெக்டனைப் பாருங்கள். 2020 கம்பைனில் 364 பவுண்டு, நியூயார்க் ஜெட்ஸ் 11ஆவதாக எடுத்த டாக்கிள். இரண்டு வருடம் முழங்காலால் போனது. எடையைப் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. 2024இல் இங்கே வந்தார், ரைட் கார்டு ஆக்கினார்கள். கார்டுக்குக் காக்க வேண்டிய வெளி குறைவு, இரண்டு பக்கமும் ஆள் உண்டு. அதே பெரிய உடம்பு அங்கே சுவராயிற்று. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்த இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து நின்றவர் அவர். உடம்பை மாற்றுவதைவிட உடம்புக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்த கதை இது.

கம்பைன் எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒர்லாண்டோ பிரௌன் ஜூனியர் 2018இல் 225 பவுண்டு பாரைத் தூக்கியது 14 முறை, 40 கெஜம் 5.85 விநாடி. சிரித்தார்கள். மூன்றாம் சுற்றுவரை சரிந்தார். அப்புறம் நான்கு முறை ப்ரோ பௌல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு.

---

கவிதா_எடிசன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆட்டத்தைப் பெரிதாகப் பார்ப்பவள் இல்லை. என் மகனுக்காகத்தான் இந்த இழையை முழுக்கப் படித்தேன்.

அவனுக்கு 16 வயது, 6 அடி 3 அங்குலம், 235 பவுண்டு. பள்ளி அணியில் லைனில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகஸ்டுக்குள் 265 வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், எப்படி என்று சொல்லவில்லை. இவன் காலையில் அரை கேலன் பால், நடுவே வேர்க்கடலை வெண்ணெய், இரவில் நான்கு தட்டு சோறு. முன்பு ஆசையாகச் சாப்பிடுவான், இப்போது மாத்திரை முழுங்குகிற மாதிரி சாப்பிடுகிறான். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் 18 பவுண்டு ஏறியது. முட்டிச் சில்லுக்குக் கீழே வலி என்கிறான், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான். இரவில் குறட்டை, முன்பு கிடையாது. சொன்னால், "அம்மா, என்எஃப்எல் ஆட்கள் எல்லாம் 320 பவுண்டு" என்கிறான்.

நான் பயப்படுவது அதிகமா?

---

மூட்டும்_தசையும் எழுதியது:

அதிகம் இல்லை கவிதா. நீங்கள் எழுதிய மூன்றும் கவனிக்க வேண்டியவை. முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, வளரும் பையன்களுக்கு நாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் வருவது. எடை வேகமாக ஏறினால் கூடும். புதுக் குறட்டையைக் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரிய கழுத்துள்ள லைன் ஆட்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை வருவது சகஜம். தூக்கம் கெட்டால் எத்தனை தட்டு சாப்பிட்டாலும் சதை ஏறாது. முட்டி வலி அடங்கும்வரை எடை ஏற்றுவதை நிறுத்துங்கள்.

ஆகஸ்டு வெயிலும் முக்கியம். மின்னசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், 2001 ஆகஸ்டு 1ஆம் தேதி முகாம் வெயிலில் உடல் சூடேறி இறந்தார். 27 வயது. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் வெப்பத் தாக்குதலைத் தடுக்க ஒரு நிறுவனமே இயங்குகிறது. பெரிய உடம்பு சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். முதல் வாரம் கவசத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள், குளிர்நீர்த் தொட்டி இருக்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கிளீவ்லாந்து அணியின் டாக்கிள் ஜோ தாமஸ் பத்து வருடத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்கூட விடாமல் 10,363 ஸ்னாப் ஆடியவர். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக சுமார் 50 பவுண்டு குறைத்தார். அந்த எடை அவருக்கு வேலை உடுப்பு, அவ்வளவுதான். 1994இல் முன்னாள் வீரர்களைப் பற்றி நடந்த அரசு ஆய்வில் பொதுவாக அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். லைன் ஆட்களுக்கு மட்டும் இதயநோய் மரணம் கூடுதலாக இருந்தது.

---

பழைய_கோச் எழுதியது:

கவிதாம்மா, நானும் அந்தப் பயிற்சியாளர் மாதிரிப் பேசியிருக்கிறேன். ஒரு பையனிடம் எண்ணைச் சொல்லி அனுப்பினேன், அவன் வீட்டில் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

தம்பிக்குச் சொல்லுங்கள்: ஈகிள்ஸ் டாக்கிள் லேன் ஜான்சன், இரண்டு வருட 'ஜூனியர் காலேஜு'க்குப் போனபோது குவார்ட்டர்பேக். அப்புறம் டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட், கடைசியில்தான் டாக்கிள். 2013இல் 303 பவுண்டோடு 40 கெஜத்தை 4.72 விநாடியில் ஓடி நான்காவது ஆளாகப் போனார். ஜேசன் கெல்சி 23 வயதில் கம்பைனுக்கு வந்தபோதே 280தான், ஆறாம் சுற்றில் எடுத்தார்கள், 13 வருடம் ஈகிள்ஸ் லைனின் நடுவில் சென்டர். அவர் இடத்துக்கு வந்த கேம் ஜர்கன்ஸும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு டைட் எண்டாக வந்த பையன்தான். 16 வயதில் 265 இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த வயதில் காலைக் கற்றுக்கொள்ளட்டும். பாரம் அப்புறம் வரும்.

---

நீலச்சட்டை எழுதியது:

எனக்குக் கேட்ட அடையாளம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒன்றில் மாறுபடுகிறேன். பச்சைச்சிறகு சொல்லும் "முதல் முழுக் கோடை" எல்லோருக்கும் ஒன்றில்லை. அணி நடத்தும் கோடைப் பயிற்சி ஒன்பது வாரம்தான், அதுவும் ஏப்ரல் நடுவில்தான் தொடங்கும். ஜனவரியிலிருந்து அதுவரை பையன் தனியாள். முதல் சுற்றுக்காரன் கைக்காசில் சமையல்காரரையும் தனிப் பயிற்சியாளரையும் வைத்துக்கொள்வான். ஏழாம் சுற்றுக்காரனுக்கு அது முடியுமா? அந்த மூன்று மாதம் அவன் எங்கே, யாரோடு இருந்தான் என்று எந்தச் செய்தியாளரும் கேட்பதில்லை. எனக்கு முகாமின் முதல் நாள் அந்தச் செய்திதான் வேண்டும்.

---

பச்சைச்சிறகு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. இந்த முகாமில் செய்தியாளர் சந்திப்புக் காணொளிகளை அந்தக் காதோடு கேட்கிறேன்.

---

கவிதா_எடிசன் எழுதியது:

அண்ணா, டாக்டரம்மா, எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். பயிற்சியாளரிடம் நானும் அவன் அப்பாவும் போய்ப் பேசப் போகிறோம்.

நேற்று இரவு சமையலறையில் அவனைக் குந்தி உட்காரச் சொன்னேன். குதிகால் மூன்று விரல்கடை எழும்பியது, பின்னால் விழப் பார்த்து ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டான். என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காட்டினார், 71 வயது, பாதம் அப்படியே தரையில். இப்போது தினமும் பல் தேய்த்ததும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்கிறார்கள். இரவில் இரண்டு தட்டு சோறுதான்.